கேனோவா, கயாக்கா? மலையிலிருந்து ஆற்றுப் பயணத்துக்குப் புறப்படும் புதியவர்களுக்கான வழிகாட்டி

ஆற்றில் துடுப்புப் போட்டுப் பயணம் செய்ய விரும்பும் புதியவர் ஒருவர் கேனோ வாங்கலாமா, கயாக் வாங்கலாமா என்று கேட்டால், எந்த ஆற்றில், எந்த மாதத்தில், யாரோடு போகப் போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பது வழக்கம். இந்த மூன்றுக்கும் விடை கிடைத்துவிட்டால் படகு எது என்பது பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடும். நீலகிரியிலும் பழனி மலையிலும் வாழ்பவர்களுக்கு இவற்றில் முதல் கேள்விதான் கடினமானது. நம்மைச் சுற்றிலும் நீர் நிறைய இருந்தாலும், புதியவர் படகு விடத் தகுந்த ஆறு மலையின் மேலே ஏறத்தாழ இல்லை என்றே சொல்ல வேண்டும். எனவே இந்தக் கட்டுரை படகில் தொடங்காமல் நீரில் தொடங்குகிறது. அதற்கு முன், இரண்டு படகுகளுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

உதகை, கொடைக்கானல் ஏரிகளில் துடுப்புப் படகில் சென்றவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். அந்தப் படகின் துடுப்புகள் இரு பக்கமும் விளிம்பில் பொருத்தப்பட்டிருக்கும். வலிப்பவர் போகும் திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார். கேனோவிலும் கயாக்கிலும் துடுப்பு எதிலும் பொருத்தப்படுவதில்லை. அதைக் கையில் பிடித்துக்கொண்டு, போகும் திசையைப் பார்த்தபடி செலுத்த வேண்டும். கேனோ மேற்புறம் முழுவதும் திறந்த படகு. அதில் குறுக்குப் பலகையில் உட்கார்ந்தோ மண்டியிட்டோ, ஒரு முனையில் மட்டும் தட்டு உள்ள துடுப்பைப் போடுவார்கள். கயாக்கில் கால்களை முன்னால் நீட்டித் தாழ்வாக உட்கார்ந்து, இரு முனையிலும் தட்டு உள்ள நீண்ட துடுப்பால் இடமும் வலமும் மாறிமாறி வலிப்பார்கள். கயாக்கிலேயே இரண்டு வகை உண்டு. ஒன்றில் இடுப்புக்குக் கீழே உடல் படகுக்குள் மூடப்பட்டிருக்கும்; மற்றொன்றில் மூடிய ஓட்டின் மேலே உள்ள பள்ளத்தில் உட்கார்ந்துகொள்ளலாம். வடதுருவப் பகுதி மக்கள் கடல்நாய்த் தோலைச் சட்டத்தின் மேல் போர்த்தி வேட்டைக்காகச் செய்த படகிலிருந்து கயாக்கும், வட அமெரிக்கப் பழங்குடியினர் ஆட்களையும் சுமைகளையும் ஏற்றிச் செல்ல மரப்பட்டையால் செய்த படகிலிருந்து இன்றைய கேனோவும் வந்தன. குளிர்ந்த நீரை வெளியே நிறுத்துவது கயாக்கின் குணமாகவும், சுமை தாங்குவது கேனோவின் குணமாகவும் இன்றும் இருப்பதற்கு இதுவே காரணம்.

மாயாற்றங்கரைச் சிற்றூரான தெங்குமரஹடாவின் மக்கள் ஆற்றைக் கடக்கப் பயன்படுத்தும் பரிசலையும் இங்கே நினைவுகூர வேண்டும். பரிசல் வட்டமானது; ஆழமற்ற நீரிலும் மிதக்கும், ஆனால் நேர்கோட்டில் போகாமல் சுழலவே பார்க்கும். ஒற்றைத் துடுப்பை முன்பக்கமாகப் போட்டுப் பரிசலைச் செலுத்தத் தெரிந்த ஒருவருக்கு, கேனோவின் துடுப்பு கைக்கு விரைவில் பழகிவிடும் என்பது என் எண்ணம்.

முதல் படி: நீரைத் தேர்ந்தெடுங்கள்

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை வரை மலை ரயில் 46 கிலோமீட்டரில் 326 மீட்டர் உயரத்திலிருந்து 2,203 மீட்டர் உயரத்துக்கு ஏறுகிறது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே அதற்குப் பல்சக்கரத் தண்டவாளம் தேவைப்படுகிறது. அதே சரிவில்தான் குன்னூர் ஆறும் இறங்குகிறது. பாறைக்குப் பாறை விழுந்து, இடையிடையே அருவியாகக் கொட்டி இறங்கும் இத்தகைய ஓடைகளில் எந்தப் படகும் புதியவருக்கு ஏற்றதன்று. ஆற்றோட்டத்தின் கடினத்தை உலகெங்கும் 1 முதல் 6 வரை தரம் பிரிக்கிறார்கள். சிற்றலைகளோடு தடையின்றி ஓடும் நீர் முதல் தரம். உயிருக்கே ஆபத்தான, தேர்ந்தவர்களும் தயங்கும் நீர் ஆறாம் தரம். புதியவருக்கு உரியது முதல் தரமும், உடன் பயிற்சியாளர் இருந்தால் இரண்டாம் தரமும் மட்டுமே.

சரிவு ஒரு காரணம் என்றால், அணைகள் இன்னொரு காரணம். 1932இல் பைக்காரா மின்நிலையம் இயங்கத் தொடங்கியதிலிருந்து, நீலகிரியின் ஆறுகள் ஒன்றன்பின் ஒன்றாக மின்சாரத்துக்காகத் தேக்கப்பட்டும் குழாய்களில் திருப்பப்பட்டும் வருகின்றன. காலையில் கணுக்கால் அளவு ஓடும் ஆற்றில், மேலே மதகு திறந்தாலோ மின்னுற்பத்தி தொடங்கினாலோ சிறிது நேரத்தில் நீர் உயர்ந்துவிடலாம். வானத்தில் மேகம் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. மழை வந்தால் கேட்கவே வேண்டாம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அங்கே பெய்யும் மழை குந்தா ஆற்றின் வழியாகப் பில்லூர் அணையை அடைந்து, அணை நிரம்பினால் பவானியில் திறந்துவிடப்பட்டு, மேட்டுப்பாளையத்தில் வெயிலில் நின்று குளித்துக்கொண்டிருப்பவரின் காலடிக்கு வந்து சேரும். ஆகவே மேட்டுப்பாளையம் பகுதியில் பவானியில் இறங்க நினைப்பவர், அன்றைய பில்லூர் அணை நிலவரத்தைக் கேட்டறியாமல் கரையை விட்டு இறங்கவே கூடாது.

மூன்றாவது காரணம் காடு. மாயாறு முதுமலைப் புலிகள் காப்பகத்தின் ஓரமாக ஓடுகிறது. அதன் நீரில் முதலைகளும், கரையில் யானைகளும் உண்டு. காப்பகத்துக்குள் அனுமதியின்றி நுழைவது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பழனி மலையில் பேரிஜம் ஏரிக்குப் போகவே வனத்துறையின் அனுமதிச்சீட்டு வேண்டும். அந்த நீரின் அமைதியைப் பார்த்துவிட்டுத் தம் படகை இறக்க நினைப்பவர்கள் உண்டு. தயவுசெய்து அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

அப்படியானால் எங்கே போவது? கூடலூர், பந்தலூர் பக்கம் பெய்யும் மழையின் ஒரு பகுதி பாண்டியாறு, புன்னம்புழை வழியாக இறங்கிச் சாலியாற்றில் சேர்ந்து, நிலம்பூரைக் கடந்து, பேப்பூரில் அரபிக்கடலில் கலக்கிறது. நிலம்பூருக்குக் கீழே சமவெளியில் ஓடும் சாலியாறு, மழைக்காலம் முடிந்து நீர் தெளிந்த பிறகு, மெல்ல அகன்று ஓடும் ஆறு. நாடுகாணி வழியாக இறங்கினால் நீலகிரிக்காரர்களுக்கு அருகிலேயே கிடைக்கும் நல்ல பள்ளிக்கூடம் அதுதான் என்பேன். இதற்கு நேர்மாறானது கோழிக்கோடு மாவட்டத்தின் துஷாரகிரி. அங்கே சாலிப்புழை, இருவஞ்சிப்புழை ஆறுகளில் தென்மேற்குப் பருவமழை உச்சத்தில் இருக்கும்போது, நுரைத்துப் பாயும் நீரில் நடக்கும் கயாக் போட்டிகளுக்கு வெளிநாட்டினரும் வருகிறார்கள். கரையில் நின்று ஒரு நாள் முழுவதும் பாருங்கள். நீரைப் படிக்கக் கற்றுக்கொள்ள அது போதும், இறங்க வேண்டாம். படகையே இன்னும் தொடாதவர்கள், பில்லூர் நீர்த்தேக்கத்தில் வனத்துறை நடத்தும் பரளிக்காடு பரிசல் பயணத்தில் ஒரு முறை உட்கார்ந்து வந்தால், நீரின் மட்டத்தில் இருக்கும்போது தமக்குப் பயம் வருகிறதா, பழக்கம் வருகிறதா என்று தெரிந்துகொள்ளலாம்.

பழனி மலையின் நிலைமை இதைவிடச் சிக்கலானது. மலையடிவாரத்தில் பாலாறு-பொருந்தலாறு, குதிரையாறு, மஞ்சளாறு என்று அணைகள் வரிசையாக இருக்கின்றன. அவை பாசனத்துக்கானவை. மீன்வலைகள் விரித்திருப்பார்கள், நீர்வளத் துறையின் அனுமதியில்லாமல் படகு இறக்க முடியாது. ஆகவே கொடைக்கானல்காரர்களும் பயணத்துக்குத் தொலைவு போகத்தான் வேண்டியிருக்கும்.

இரண்டாம் படி: ஆட்களையும் சுமையையும் கணக்கிடுங்கள்

தனியாகவே போகப் போகிறீர்கள் என்றால் கயாக்கே ஏற்றது. ஒருவர் மட்டும் உட்கார்ந்த கேனோவின் முன்முனை மேலே எழும்பிவிடும்; அகன்ற நீர்த்தேக்கத்தில் பிற்பகல் காற்று அடிக்கும்போது அந்த முனையைக் காற்று ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே போகும். அதைச் சமாளிக்க மண்டியிட்டு நடுவில் அமரவும், சுமையை முன்னால் வைக்கவும் பழக வேண்டும்; புதியவருக்கு அது எளிதன்று. கயாக் தாழ்வானது, காற்று அதைப் பிடிப்பது குறைவு.

கணவன் மனைவி, சிறு குழந்தை, சமையல் பாத்திரம், கூடாரம் என்று புறப்படுகிறவர்களுக்குக் கேனோதான். ஏறத்தாழ ஐந்து மீட்டர் நீளமுள்ள கேனோவில் இரண்டு பேரும் ஒரு குழந்தையும் சில நாட்களுக்கான சாமான்களும் தாராளமாக அடங்கும். பையைத் திறந்து ஒரு பொருளை எடுக்கப் படகைக் கரைக்குக் கொண்டுபோக வேண்டியதும் இல்லை. கயாக்கில் சாமான்களைச் சிறு சிறு பைகளாக்கி, குறுகிய மூடி வழியாக உள்ளே திணிக்க வேண்டும். இருவர் செல்லும் கயாக்கும் உண்டு. ஆனால் அதில் முன்னவரும் பின்னவரும் ஒரே தாளத்தில் வலிக்காவிட்டால் துடுப்புகள் மோதிக்கொண்டே இருக்கும்.

உடல்வாகையும் பாருங்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்குக் கேனோவில் மண்டியிடுவது வேதனை. இடுப்பு வலியோ, தொடைத் தசை இறுக்கமோ உள்ளவர்களுக்குக் கயாக்கில் காலை நீட்டி இரண்டு மணி நேரம் உட்காருவது அதைவிடப் பெரிய வேதனை. வாங்குவதற்கு முன் படகைத் தரையில் வைத்து அரை மணி நேரம் அதில் உட்கார்ந்திருங்கள். கடைக்காரர் என்ன நினைப்பார் என்று கூச்சப்பட வேண்டாம்.

மூன்றாம் படி: கவிழ்ந்தால் என்ன செய்வீர்கள்?

இதை நான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாகக் கருதுகிறேன். படகு நிமிர்ந்து போகும்போது இரண்டும் நல்ல படகுகள்தான். கவிழும்போதுதான் அவற்றின் வேறுபாடு முழுமையாகத் தெரியும்.

கேனோ கவிழ்ந்தால் நீங்கள் உடனே வெளியே விழுந்துவிடுவீர்கள். உள்ளே சிக்கிக்கொள்ள எதுவும் இல்லை. ஆனால் படகு நீரால் நிரம்பிவிடும். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. ஒரு கேனோவில் சில நூறு லிட்டர் புகும். அந்தப் பாரம் ஓட்டத்தோடு வந்து உங்களைப் பாறையோடு சேர்த்து நசுக்கக்கூடும். ஆகவே கவிழ்ந்த கேனோவுக்குக் கீழ்ப்பக்கம், அதாவது படகுக்கும் ஆறு போகும் திசையில் உள்ள பாறைக்கும் நடுவில், ஒருபோதும் நிற்காதீர்கள். படகின் மேல்பக்கத்துக்கே, அதாவது ஆறு வரும் திசைக்கே, நீந்திச் செல்லுங்கள். படகின் இரு முனைகளிலும் காற்றுப் பைகளைக் கட்டிவைத்தால் புகும் நீரின் அளவு குறையும்.

மூடிய கயாக்கில் நிலைமை வேறு. படகு தலைகீழானால் நீங்களும் தலைகீழாக நீருக்குள் இருப்பீர்கள். இடுப்பைச் சுற்றி ஸ்ப்ரே ஸ்கர்ட் என்னும் உறை மாட்டியிருந்தால் அதை நீங்களே கழற்ற வேண்டும். முறை இதுதான்: உடலை முன்னால் வளைத்து முகத்தைப் படகின் மேல்தளத்துக்கு அருகில் கொண்டுவாருங்கள், உறையின் முன்னால் உள்ள இழுவைப் பட்டையை முதலில் முன்னோக்கியும் பிறகு மேல்நோக்கியும் இழுங்கள், இரு கைகளையும் இடுப்பின் பக்கத்தில் படகின் விளிம்பில் ஊன்றி, கால்சட்டையைக் கழற்றுவது போலப் படகைக் காலிலிருந்து உருவிவிடுங்கள். படிக்கும்போது எளிதாகத் தோன்றும் இதை, மூக்கில் நீர் ஏறும் நிலையில் பதறாமல் செய்யப் பயிற்சியாளர் அருகில் நின்று பலமுறை பழக்க வேண்டும். ஒவ்வொரு முறை புறப்படும் முன்பும் அந்தப் பட்டை உறைக்கு வெளியே இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். பட்டை உள்ளே மாட்டிக்கொண்டால், கழற்றும் வழி நீருக்குள் கைக்குக் கிடைக்காது.

மேலே உட்காரும் கயாக்கில் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. கவிழ்ந்தால் விழுவீர்கள், படகு மிதந்துகொண்டே இருக்கும், அதைத் திருப்பிப் போட்டு, வயிற்றை அதன் மேல் போட்டு ஏறி, திரும்பி உட்கார்ந்துகொள்ளலாம். தனியாகக் கற்கும் புதியவர் முதலில் இதைத்தான் எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இதன் குறை, எப்போதும் உடல் நனைந்திருக்கும் என்பது. சமவெளியில் அது சுகம். 2,000 மீட்டருக்கு மேல் மார்கழிக் காலையில் அது ஆபத்து.

கவிழ்ந்து பழகும் இடத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1824இல் ஜான் சல்லிவன் வெட்டத் தொடங்கிய உதகை ஏரியில் நகரத்தின் கழிவுநீர் கோடப்பமந்து கால்வாய் வழியாகக் கலக்கிறது. அதில் தலையை முக்குவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். மலை ஏரிகளின் நீர் பொதுவாகவே குளிர்ந்தது. திடீரென்று குளிர்நீரில் விழும்போது நெஞ்சு இழுத்து மூச்சு தானாக வாங்கும். அந்த ஒரு கணத்தில் வாய் நீருக்குள் இருந்தால் நன்றாக நீந்தத் தெரிந்தவரும் தத்தளிப்பார். கோயம்புத்தூர் போன்ற ஊர்களில் ஒரு நீச்சல் குளத்திலோ, சமவெளி ஆற்றின் இடுப்பளவு நீரிலோ பழகுவதே முறை.

நான்காம் படி: மலைப்பாதையை மறந்துவிடாதீர்கள்

சமவெளியில் எழுதப்படும் வழிகாட்டிகளில் வராத செய்தி இது. நமக்கும் ஆற்றுக்கும் நடுவே கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் மட்டும் 36 வளைவுகள். ஐந்து மீட்டர் கேனோவைச் சிறிய காரின் மேல் கட்டினால் முன்னும் பின்னும் நீட்டிக்கொண்டிருக்கும். வளைவில் எதிரே வரும் பேருந்துக்கு அதுவே இடையூறு. 25 முதல் 35 கிலோ எடையுள்ள அதை ஒருவரே தூக்கி ஏற்றவும் முடியாது. மூன்று மீட்டர் கயாக் 20 கிலோ அளவில் இருக்கும். ஒருவர் தோளில் வைத்துக் கரைக்கு நடக்கலாம். எதுவாக இருந்தாலும், கேரியரில் இரண்டு பட்டைகளால் குறுக்காகக் கட்டுவதோடு, முன்முனையையும் பின்முனையையும் தனித்தனிக் கயிற்றால் காரோடு சேர்த்துக் கட்டுங்கள். மலையிறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது படகு முன்னால் வழுகாமல் தடுப்பது அந்தக் கயிறுகள்தான்.

இந்தத் தொல்லையால் மலையில் வாழ்பவர்களில் பலர் காற்றடைக்கும் கயாக்கை விரும்புகிறார்கள். அவர்கள் விரும்புவதில் நியாயம் இருக்கிறது. அது ஒரு பையில் அடங்கும், பேருந்தில் கொண்டுபோகலாம். ஆனால் நீச்சல் குளப் பொம்மையாக விற்கப்படும் மெல்லிய பிளாஸ்டிக் வகையை ஆற்றுக்குக் கொண்டுபோகக் கூடாது. பாறை விளிம்பில் ஒரு முறை உரசினாலே கிழிந்துவிடும். தடித்த துணிப் பூச்சும், தனித்தனியான குறைந்தது மூன்று காற்றறைகளும் உள்ளதையே வாங்குங்கள்.

காற்றழுத்த விஷயத்தில் மலைக்காரர்கள் கூடுதலாக ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். சாதாரணக் காற்றறைகளுக்கு 2 முதல் 3 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்னும் அளவு) அழுத்தமே போதும். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு ஏறும்போது வெளிக்காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 3 பிஎஸ்ஐ குறைகிறது. கொடைக்கானல் ஏறும் பேருந்தில் சிப்ஸ் பாக்கெட் உப்பிக்கொள்வது போல, சமவெளியில் முழுவதும் அடைத்த படகு மலையேறும்போது உப்பி, தையலோரம் விட்டுவிடக்கூடும். மலையிலேயே அடைத்து இறக்கினால் ஆற்றங்கரையில் அது துவண்டு கிடக்கும். ஆகவே காற்றை எப்போதும் கரையில்தான் அடைக்க வேண்டும். மலையேறும் முன் முழுவதும் இறக்கிவிட வேண்டும். மூடிகள் உள்ள கடினக் கயாக்கிலும் ஏறும்போதும் இறங்கும்போதும் மூடியைத் தளர்த்தி வையுங்கள்.

ஐந்தாம் படி: உடன் வாங்க வேண்டியவை

லைஃப் ஜாக்கெட் படகுக்கு முன்பே வாங்க வேண்டியது. அதைப் போட்டுப் பட்டைகளை இறுக்கிய பிறகு, மற்றொருவர் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பார்க்கட்டும். காதுவரை ஏறினால் அது உங்கள் அளவன்று. பாறையுள்ள ஆற்றுக்கு ஹெல்மெட் கட்டாயம். கேனோத் துடுப்பு, தரையில் நிறுத்தினால் ஏறத்தாழ உங்கள் தாடை வரை வர வேண்டும். பயணக் கயாக்கின் துடுப்பு பெரும்பாலும் 210 முதல் 240 சென்டிமீட்டர் நீளமுள்ளது, படகு அகலமாக இருந்தால் துடுப்பும் நீளமாக வேண்டும். பருத்தி உடை நனைந்தால் குளிரைப் பிடித்துக்கொண்டே இருக்கும். விரைவில் உலரும் செயற்கை இழை உடையும் கம்பளியும் நல்லவை. விசில் ஒன்றை ஜாக்கெட்டிலேயே கட்டிவிடுங்கள்.

ஆறாம் படி: கைக்குப் பழக்கம்

கயாக்கில் புதியவர்கள் கைகளால் வலித்து அரை மணியில் சோர்ந்துவிடுகிறார்கள். துடுப்பின் தட்டைப் பாதத்துக்கு அருகில் நீரில் அழுத்தி, இடுப்புக்கு மேலே உடலைத் திருப்பி, தட்டு இடுப்பருகே வந்ததும் எடுத்துவிட வேண்டும். அதற்குப் பின்னால் இழுத்தால் படகு திரும்புமே தவிர முன்னே போகாது. முழங்கால்கள் சற்று மடங்கி, பாதங்கள் மிதியில் ஊன்றியிருக்க வேண்டும்.

கேனோவில் ஒரே பக்கம் வலித்தால் படகு மறுபக்கம் திரும்பிக்கொண்டே இருக்கும். பின்னால் அமர்ந்தவர் ஒவ்வொரு வலிப்பின் முடிவிலும், துடுப்பின் மேற்பிடியில் உள்ள கையின் கட்டைவிரல் கீழ்நோக்கும்படி மணிக்கட்டைத் திருப்பி, தட்டைப் படகிலிருந்து வெளிப்புறமாக மெல்லத் தள்ளினால் படகு நேராகும். இது ஒரு நாளில் வராது. ஆனால் வந்துவிட்டால் கேனோவின் அழகு முழுவதும் அதில்தான் இருக்கிறது. துடுப்பை ஒரு முறைகூடப் பக்கம் மாற்றாமல் ஓசையின்றி நெடுந்தொலைவு போகலாம். பொறுமை உள்ளவர்களுக்குக் கேனோ திருப்பித் தருவது அதிகம் என்று நான் நம்புகிறேன்.

ஏழாம் படி: முதல் பயணம்

குறைந்தது இரண்டு படகுகளாக, அந்த ஆற்றை அறிந்த உள்ளூர்க்காரர் ஒருவரோடு செல்லுங்கள். ஐந்து, ஆறு கிலோமீட்டர் போதும். ஏறும் இடத்தைப் போலவே இறங்கும் இடத்தையும் முன்கூட்டியே நடந்து போய்ப் பார்த்து, நீரிலிருந்து பார்த்தால் அடையாளம் தெரியும்படி ஒரு துணியைக் கட்டிவையுங்கள். வழியில் தடுப்பணை இருக்கிறதா என்று ஊராரிடம் கட்டாயம் கேளுங்கள். பாறையைவிடத் தடுப்பணையே நம் பக்கத்து ஆறுகளில் புதியவரைக் கொல்லும். மேலிருந்து பார்த்தால் நீர் சமமாக, அமைதியாகத் தெரியும். ஆனால் கீழே விழும் நீர் திரும்ப அணையின் சுவரை நோக்கியே சுழன்று, விழுந்தவரையும் படகையும் மறுபடி மறுபடி உள்ளே இழுக்கும். லைஃப் ஜாக்கெட் போட்டவரும் அதிலிருந்து மீள்வது அரிது. தடுப்பணைக்கு வெகுதூரம் முன்பே கரையேறி, படகைத் தூக்கிக்கொண்டு சுற்றிப் போங்கள். கரை மூங்கில் சாய்ந்து நீருக்குள் கிடக்கும் இடங்களையும் விலக்குங்கள். நீர் அதனூடே போய்விடும், மனிதர் அதில் மாட்டிக்கொள்வார்.

ஓட்டத்தில் விழுந்துவிட்டால் எழுந்து நிற்க முயலாதீர்கள். கால் பாறை இடுக்கில் சிக்கினால் நீர் உங்களை முன்னால் மடக்கி அமுக்கிவிடும். மல்லாந்து, பாதங்களை ஆறு போகும் திசையில் நீட்டி நீர்மட்டத்தில் வைத்து, கைகளால் கரைநோக்கித் துழாவுங்கள். முழங்காலுக்குக் கீழே நீர் குறைந்த பிறகே எழுந்து நில்லுங்கள்.

முதல் சில பயணங்களைப் பயிற்சி நிலையத்தின் படகில், வாடகைக்கே செய்யுங்கள். இரண்டு வகையிலும் உட்கார்ந்து பார்க்க அதுவே வாய்ப்பு. வாங்கிய பிறகு, ஒவ்வொரு பயணத்தின் முடிவிலும் படகின் அடியிலும் இடுக்குகளிலும் ஒட்டியிருக்கும் பாசியையும் ஆகாயத்தாமரைத் துணுக்குகளையும் அந்தக் கரையிலேயே எடுத்துவிடுங்கள். அடுத்த நீர்நிலைக்கு அவை பரவக் கூடாது. காற்றடைக்கும் படகாக இருந்தால் சமவெளி வெயிலிலேயே நன்றாக உலர்த்தி மடியுங்கள். ஈரத்தோடு மடித்து மலைக்குக் கொண்டுவந்தால், ஆனி, ஆடி மாதங்களின் சாரலில் அது உலர வழியில்லாமல் மடிப்புகளில் பூஞ்சை பிடித்துவிடும்.